மரத்தில் நிலம்: தேர்ப் புடைப்புச் சிற்பங்களில் இயற்கைக் காட்சி – காஞ்சிபுரத் தலக்கதையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத் தேர்களின் மரப் புடைப்புச் சிற்பங்கள் பெரும்பாலும் தெய்வ உருவங்களின் வரிசையாகவே ஆராயப்பட்டு வந்துள்ளன. அவற்றில் இடம்பெறும் மரம், மலை, ஆறு, குளம் ஆகியவை அலங்காரமாகவோ இட நிரப்பலாகவோ கருதப்படுகின்றன. தொலைவுக் காட்சியை அளவுகோலாகக் கொள்ளும் திறனாய்வு, இச்சிற்பங்களில் இயற்கைக் காட்சியே இல்லை என்னும் முடிவுக்கும் செல்கிறது. இவ்விரு நிலைப்பாடுகளையும் இக்கட்டுரை மறுக்கிறது. மரம் என்னும் ஊடகத்தின் இயல்பு, தேர் காணப்படும் சூழல், தமிழ் இலக்கண மரபின் கருப்பொருள் என்னும் கருத்து ஆகிய மூன்றின் துணையுடன் தேர்ச் சிற்பத்தின் நிலக் காட்சி எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்குகிறது. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் தலக்கதையில் வரும் மாமரத்தையும் கம்பையாற்றையும் முதன்மைச் சான்றாகக் கொண்டு, நிலக் கூறு விடுபடும்போது சிற்பத்தின் பொருளே மாறிவிடுகிறது என நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: புடைப்புச் சிற்பம், தேர், கருப்பொருள், காஞ்சிபுரம், ஏகாம்பரநாதர், கம்பையாறு, மரச்சிற்பம்.

முன்னுரை

காஞ்சிபுரத்தில் மரம் வெறும் மூலப்பொருள் அன்று. ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மா. இறைவனின் பெயரே அம்மரத்தைச் சார்ந்து வழங்குகிறது. வரதராசப் பெருமாள் கோயிலின் அத்திவரதர் அத்தி மரத்தால் ஆன திருமேனி. அனந்தசரசு குளத்தின் நீருக்குள் இருந்து 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து வழிபடப்பெறும் அத்திருமேனி, 1979ஆம் ஆண்டிலும் அடுத்து 2019ஆம் ஆண்டிலும் காட்சி தந்தது. ஓரிடத்தில் மரத்தின் நிழலில் இறைவன். மற்றோரிடத்தில் மரமே இறைவன். இரண்டிலும் மரத்தோடு நீர் சேர்ந்தே வருகிறது. பட்டுச்சேலையின் முந்தியிலும் கரையிலும் மாங்காய் உருவைத் தலைமுறைதோறும் நெய்துவரும் இவ்வூரில், மரமும் நீரும் சிற்பத்தில் எவ்வாறு வடிக்கப்படுகின்றன என்னும் வினா கலை வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. வழிபாட்டின் பொருளோடும் தொடர்புடையது.

தேர்ச் சிற்பங்கள் குறித்த ஆய்வுகளில் இராசு காளிதாசு 1989இல் வெளியிட்ட இடைக்காலத் தமிழகத் தேர்கள் பற்றிய ஆங்கில நூல் குறிப்பிடத்தக்கது. இத்துறையில் உருவ அடையாளம் காணும் பணி கணிசமாக நடந்துள்ளது. ஆயினும் ‘இவ்வுருவம் யாது’ என்னும் வினாவுக்கு அடுத்து எழ வேண்டிய ‘இவ்வுருவம் எங்கே நிற்கிறது’ என்னும் வினாவுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. இக்கட்டுரை அவ்விரண்டாம் வினாவை எடுத்துக்கொள்கிறது.

1. புடைப்பும் தொலைவும்

சிற்ப நூல்கள் உருவத்தைச் சித்திரம், சித்திரார்த்தம், சித்திராபாசம் என மூன்றாகப் பகுக்கின்றன. நாற்புறமும் வடிக்கப்பெற்ற முழு உருவம் முதலாவது. முன்புறம் மட்டும் புடைத்து நிற்பது இரண்டாவது. வண்ணத்தால் தீட்டப்பெறும் ஓவியம் மூன்றாவது. புடைப்புச் சிற்பம் முழு உருவுக்கும் ஓவியத்துக்கும் இடையில் நிற்பது. ஆகவே, அது ஓவியத்தின் பக்கம் சாய்வதா, முழு உருவின் பக்கம் சாய்வதா என்பது ஒவ்வொரு மரபும் தானே முடிவு செய்துகொள்ளும் ஒன்றாகும்.

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கலை ஓவியத்தின் பக்கம் சாய்ந்தது. பிளாரன்சு நகரத் திருமுழுக்குக் கோயிலுக்காக லோரென்சோ கிபெர்த்தி 1425 முதல் 1452 வரை உருவாக்கிய வெண்கலக் கதவுகளில் அருகிலுள்ள உருவங்கள் ஏறத்தாழ முழுமையாகப் புடைத்து நிற்கின்றன. தொலைவிலுள்ள மலைகளும் மாடங்களும் தகட்டின் பரப்போடு ஒட்டிய மென்கோடுகளாகக் கரைகின்றன. புடைப்பின் உயரம் குறையக் குறையத் தொலைவு கூடும் என்பது அதன் விதி. இன்று கைவினைப் பயிற்சிகளில் கற்பிக்கப்பெறும் இயற்கைக் காட்சிச் செதுக்கலும் இவ்விதியையே பின்பற்றுகிறது. பலகையில் முதலில் வானம் ஆழமாகத் தாழ்த்தப்படும். அதன்மேல் மலை, அதற்கு முன் தோப்பு, முன்தளத்தில் குடிலும் மரமும் எனப் படிப்படியாக உயரம் விடப்படும்.

இவ்விதியை உலகப் பொதுவிதியாகக் கொண்டு தேர்ச் சிற்பத்தை அணுகினால் ஏமாற்றமே எஞ்சும். கோபியர் ஆடையைக் கவர்ந்து மரத்தின்மேல் அமர்ந்த கண்ணனைக் காட்டும் பலகையில் மரம் கண்ணனைவிடச் சற்றே பெரியது; இலைகள் எண்ணிவிடக் கூடியவை; அடியில் நிற்கும் கோபியருக்கும் மேலே அமர்ந்த கண்ணனுக்கும் இடையே தொலைவு என்பதே இல்லை. சஞ்சீவி மலை அனுமனின் உள்ளங்கையில் அடங்குகிறது. இவற்றைத் தொலைவு அறியாத கைகளின் குறைபாடு என்று கூறுவது எளிது. அந்தக் கைகள் எதை அறிந்திருந்தன என்று கேட்பதே திறனாய்வின் பணி.

2. மரம் விதிக்கும் எல்லை

முதல் விடை ஊடகத்தில் உள்ளது. அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. இலக்கணம் கூறும் இந்த அகக்காழே சிற்பி தேடும் பகுதி. வெளிறு நீக்கி வயிரப் பகுதியைக் கொள்ளும் தச்சர், இலுப்பை, வேங்கை, தேக்கு முதலிய மரங்களைத் தேர்ப்பணிக்குப் பயன்படுத்தி வந்துள்ளனர். கல்லுக்கு இல்லாத ஒரு திசை மரத்துக்கு உண்டு, அதுவே நாரோட்டம். நாரின் போக்கில் செல்லும் மெல்லிய உறுப்பு உறுதியாக நிற்கும். நாருக்குக் குறுக்கே அதே மென்மையில் வடித்தால் கொட்டாப்புளியின் ஓர் அடியிலேயே உதிர்ந்துவிடக் கூடும். நார் செங்குத்தாக நிற்கும் பலகையில் நெடிய அடிமரம் நாரோடு எழுகிறது. கிடையாக ஓடும் ஆற்றின் நுண் அலைகளோ நாரை வெட்டிச் செல்ல வேண்டியவை. ஆகவே நீரைத் தடித்த சுருள்களாகவோ, தாமரை, மீன், முதலை ஆகியவற்றின் வழியாகவோ காட்டுவது மரத்தோடு உடன்படும் வழியாகும்.

இரண்டாம் விடை தேரின் இருப்பில் உள்ளது. கிபெர்த்தியின் கதவு ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. அருகில் நின்று நெடுநேரம் நோக்கத்தக்கது. தேரோ தெருவில் நகர்வது. பூதப்பார், உறுதளம், தேவாசனம் என அடுக்கடுக்காக உயரும் அதன் அடித்தளத்தைப் பக்தர் கீழிருந்து, உச்சி வெயிலில், கூட்டத்தின் நடுவே பார்க்கிறார். ஆண்டின் எஞ்சிய நாள்களில் தேர்முட்டியில் நிற்கும்போதும் எண்ணெய்ப் பூச்சும் தூசும் பலகையைக் கருமையாக்குகின்றன. இச்சூழலில் மென்புடைப்பில் வடித்த தொலைமலை ஒரு திருவிழாவையும் தாங்காது. கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துவிடும். ஆழமாக வெட்டி, நிழலைத் தேக்கி, ஒரு நோக்கில் அடையாளம் தரும் உருவமே அங்கு நிலைக்கும். தொலைவுக் காட்சி இல்லாமை அறியாமையின் விளைவு அன்று. காணும் சூழலுக்கு ஏற்ற தெரிவு.

3. கருப்பொருளால் நிலம்

ஊடகமும் சூழலும் எது இயலாது என்பதை விளக்குகின்றன. எது செய்யப்பட்டது என்பதை விளக்க வேறொரு கருத்து தேவை. நிலத்தைக் காட்டுவதற்குத் தமிழ் அகப்பொருள் மரபு கண்ட வழி பரப்பை வருணிப்பது அன்று; அந்நிலத்துக்கு உரிய தெய்வம், மரம், புள், விலங்கு, பூ, தொழில் முதலிய கருப்பொருள்களுள் ஒன்றைச் சுட்டுவது. ஒரு பூவின் பெயர் ஒரு நிலத்தையும் அந்நிலத்தின் ஒழுக்கத்தையும் ஒருங்கே கொண்டுவந்து நிறுத்தும்.

தேர்ச் சிற்பத்தின் செயல்முறை இதற்கு நெருக்கமானது. யானையின் காலை முதலை பற்றிய கசேந்திர மோட்சக் காட்சியில் குளத்தின் கரையோ பரப்போ வடிக்கப்பட வேண்டியதில்லை. முதலையும் தாமரையுமே குளம். இக்கதை காஞ்சி அட்டபுயகரத் திருமாலின் தலத்தோடு தொடர்புடையது என்பதும் எண்ணத்தக்கது. இராவணன் கயிலையைப் பெயர்க்கும் காட்சியில் அடுக்கிய பாறைத் துண்டுகளும் இடையிடையே விலங்குகளும் மலையாகின்றன. பிட்சாடனர் காட்சியில் முனிபத்தினியரே தாருகாவனத்தை உணர்த்திவிடுகின்றனர். ‘தாரு’ என்னும் சொல் மரத்தைக் குறிப்பது. மரவனத்தை மரத்திலேயே செதுக்கும்போது ஊடகமும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். தேர்த் தச்சர் பயின்றவை சிற்ப நூல்களும் குருகுல மரபும், பொருளதிகாரம் அன்று. ஆகவே திணைக் கோட்பாட்டை அவர்கள் மேல் ஏற்றுவது வலிந்து கொள்ளும் பொருள் ஆகாதா? மறுப்பு நியாயமானது. தச்சர் தொல்காப்பியத்தைப் பின்பற்றினர் என்பது இக்கட்டுரையின் கருத்து அன்று. பரப்பைக் கூறாமல் பொருளைக் கூறி நிலத்தை உணர்த்தும் முறை செய்யுளிலும் சிற்பத்திலும் இணையாகக் காணப்படுகிறது என்பதும், தொலைவுக் காட்சியைவிட அம்முறை இச்சிற்பங்களை நிறைவாக விளக்குகிறது என்பதும் மட்டுமே இங்கு முன்வைக்கப்படுகின்றன. கோட்பாடு இங்கே தோற்றக் காரணம் அன்று, வாசிப்புக் கருவி.

இக்கருவி காஞ்சிக்குப் புறம்பானதும் அன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை பாணனைப் பல்வேறு நிலங்களின் வழியே நடத்திக் கச்சிக்குக் கொண்டு சேர்க்கிறது. பெரியபுராணத்தில் திருக்குறிப்புத் தொண்ட நாயனார் வரலாற்றைச் சொல்லவரும் சேக்கிழாரும் தொண்டை நாட்டைத் திணைவாரியாக விரித்து, திணைகள் மயங்கும் இடங்களையும் காட்டி, அதன்பின்னரே காஞ்சி நகருக்குள் நுழைகிறார். காஞ்சியை அடைவதற்கு நிலத்தைக் கடந்தாக வேண்டும் என்பது இவ்விரு நூல்களுக்கும் பொதுவான அமைப்பு.

4. மாமரமும் கம்பையாறும்

சேக்கிழார் அதே பகுதியில் விரித்துரைப்பதும், பின்னர்ச் சிவஞான முனிவரின் காஞ்சிப் புராணம் போற்றுவதுமான தலக்கதை அறியப்பட்டதே. உமை கம்பையாற்றங்கரையில் மாமர நிழலில் இலிங்கத் திருமேனியைப் பூசிக்கிறாள். இறைவன் ஆற்றில் வெள்ளத்தை வரச் செய்கிறான். வெள்ளத்துக்கு அஞ்சிய தேவி இலிங்கத்தைத் தழுவிக்கொள்கிறாள். இலிங்கம் குழைந்து அவளது தழுவலின் சுவடுகளை ஏற்கிறது. தழுவக் குழைந்தவன் என்னும் பெயர் இதனால் வந்தது. தேவி இலிங்கத்தைத் தழுவும் உருவம் காஞ்சிக் கோயில் தூண்களின் புடைப்புச் சிற்பங்களில் இடம்பெறுவது. தலக்கதைகளைச் சுமந்து செல்லும் தேர்ப்பலகைக்கும் இயல்பான பொருள்.

இக்கதையில் மூன்று நிலக் கூறுகள் உள்ளன: மரம், ஆறு, மணல். ஏகாம்பரம் ஐம்பூதத் தலங்களுள் நிலத்துக்கு உரியது. அங்குள்ள இலிங்கம் மணலால் ஆனது என்பது மரபு. எனவே இலிங்கமே நிலத்தின் ஒரு பிடி. இங்குதான் சிற்பிக்குரிய சிக்கல் தோன்றுகிறது. மரத்தில் செதுக்கிய இலிங்கம் கல் இலிங்கமா, மணல் இலிங்கமா என்பதை உருவத்தால் வேறுபடுத்த இயலாது. இரண்டின் வடிவமும் ஒன்றே. அது மணல் என்பதைப் பலகையில் உணர்த்தக்கூடியது ஆறு ஒன்றே. நீர் வந்தால் கரையக்கூடியது என்பதனால்தான் தேவி அஞ்சுகிறாள், அஞ்சுவதனால்தான் தழுவுகிறாள்.

ஆற்றை நீக்கிப் பார்த்தால் நேரும் இழப்பு தெளிவாகும். மாமரம் இருப்பதால் தலம் காஞ்சி என்பது விளங்கும்; தேவியும் இலிங்கமும் இருப்பதால் பெயரும் விளங்கும். உருவ அடையாளப் பட்டியலில் எக்குறையும் நேராது. ஆனால் தழுவல் காரணம் இழந்து நிற்கும். அச்சத்தால் விளைந்த காத்தல் வெறும் பக்திக் கோலமாக மாறும். தன்னைக் காக்க வேண்டியவனைத் தான் காக்க முனைந்த பேதைமையும், அப்பேதைமைக்கு இறைவன் குழைந்த அருளும் பலகையிலிருந்து வெளியேறிவிடும். திணை மரபின் மொழியில் கூறுவதாயின், கருப்பொருள் நீங்கிய உடனே உரிப்பொருளும் நீங்கிவிடுகிறது. மரம் இடத்தைச் சொல்கிறது. ஆறு நிகழ்ச்சியைச் சொல்கிறது. இக்காட்சியில் இயற்கை பின்புலம் அன்று, கதைமாந்தருள் ஒருவர்.

5. கல்லோடு ஒப்பீடு

மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்ததைப் பெருமையாகக் கூறுகிறது. கல்லுக்கு முன் மரமும் கட்டுமானப் பொருளாக வழங்கியதை அப்பெருமையே உணர்த்திவிடுகிறது. பழைய மரவேலைப்பாடுகள் எஞ்சாத நிலையில், பல்லவர் கற்சிற்பம் ஒப்பீட்டுக்குத் துணை செய்கிறது.

மாமல்லபுரத்தின் பெரும் பாறைச் சிற்பம் அருச்சுனன் தவமா, கங்கையின் வருகையா என்னும் விவாதம் நெடியது. எவ்விளக்கத்தை ஏற்றாலும், பாறையின் நடுவே இயற்கையாக அமைந்த பிளவைச் சிற்பிகள் ஆறாக ஏற்று அதில் நாகர்களை வடித்தனர் என்பதில் ஐயமில்லை. அங்கு ஆறு செதுக்கப்படவில்லை, பாறையில் கண்டெடுக்கப்பட்டது. யானை, மான், குரங்கு, தவம் செய்யும் பூனை என விலங்குகள் நிறைந்து காட்டையும் மலையையும் உணர்த்துகின்றன. தொலைவைச் சுட்டும் புடைப்பு வேறுபாடு அங்கும் முதன்மை பெறவில்லை.

காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றின் வரலாற்றுச் சிற்பங்கள் வேறு வகையின. சி. மீனாட்சியின் ஆய்வு 1941இல் வெளிவந்தபின் இவை நன்கு அறியப்பட்டவை. இளவயதுப் பல்லவமல்லன் மலை, ஆறு, காடு கடந்து காஞ்சிக்கு வந்ததைச் சிற்பங்களோடு உள்ள கல்வெட்டு சொல்கிறது. சிற்பங்களோ பெரும்பாலும் மனித உருவங்களின் நிரல்களாக அமைந்தவை. அங்கு நிலத்தைக் கூறும் பொறுப்பை எழுத்து ஏற்றுக்கொண்டது. தேர்ப்பலகைக்கு அத்தகைய எழுத்துத் துணை பொதுவாக இல்லை. ஆகவே ஒரு மாங்கிளையும் ஒரு நீர்ச்சுருளும் ஒரு கல்வெட்டு வரியின் பணியைச் செய்ய வேண்டியுள்ளது. அத்தகைய கூற்றை அலங்காரம் என ஒதுக்குவது கல்வெட்டைப் படிக்காமல் விடுவதற்கு ஒப்பாகும்.

6. பட்டியலும் இயந்திரமும்

இவ்வாய்வின் பயன் கோட்பாட்டு அளவில் நிற்பதன்று. தேர்கள் பழுதடைகின்றன, திருப்பணியில் பலகைகள் மாற்றப்படுகின்றன, தனித்துப் பிரிந்த பலகைகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் உள்ளிட்ட காட்சியகங்களைச் சேர்ந்துள்ளன. ஒரு பலகையைப் பற்றிய பதிவு ‘தேவி, இலிங்கம், மரம்’ என்னும் அளவில் முடிந்தால், அப்பதிவை நம்பிப் புதிதாகச் செதுக்குபவர் ஆற்றை வைக்க வேண்டிய காரணமே இல்லை. பலகையின் அடிவிளிம்பில் இருக்கும் நீர்ச்சுருளும் மீனும் முதலில் தேய்பவை; ஓரப்பூ எனத் தவறாகக் கொள்ளப்படுவதற்கும் எளியவை. ஆய்வாளரின் கவனக்குறைவு இவ்வாறு சிற்பத்தின் இழப்பாக மாறக்கூடும்.

மற்றொரு மாற்றம் இன்றைய சந்தையில் நிகழ்கிறது. அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இலும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இலும் புவிசார் குறியீடு பெற்றதால் தமிழக மரச்சிற்பத்துக்குச் சட்ட வழியான அடையாளம் கிடைத்துள்ளது. அதே காலத்தில், வீட்டுச் சுவரில் மாட்டும் இயற்கைக் காட்சிப் பலகைகளும் கணினிவழிச் செதுக்கு இயந்திரங்களும் பெருகியுள்ளன. தென்னை, குடில், மாட்டுவண்டி, பின்னே மலை, மலையிடையே கதிரவன் என அமையும் இப்பலகைகளைத் தாழ்வாகக் கருத வேண்டியதில்லை. நிலைத்த சுவரும் அண்மைப் பார்வையும் உள்ள இடத்தில் தொலைவுக் காட்சி தனக்குரிய பணியைச் செய்கிறது. சிக்கல் அம்முறை தேர்ப்பலகைக்கு அளவுகோலாகும்போதே எழுகிறது. ஒரு படத்தின் ஒளி-இருள் அளவை வெட்டின் ஆழமாக மாற்றும் இயந்திர முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள மதிப்பு ஆழம் ஒன்றே. முதலைக்கும் தாமரைக்கும் அம்முறையில் தனிப் பொருள் இல்லை. நாரோட்டத்துக்கு அடிமரத்தை இசைவிக்கும் தெரிவையும் அம்முறை தானாகச் செய்வதில்லை. உருவம் நேர்த்தியாக வரலாம். அதை எங்கு நிறுத்துவது என்னும் முடிவை மனிதரே எடுத்தாக வேண்டும்.

ஆகவே தேர்ச் சிற்ப ஆவணத்தில் தெய்வப் பெயருடன் நான்கு செய்திகள் தவறாமல் இடம்பெற வேண்டும்: பலகையில் உள்ள மரம், நீர், விலங்கு ஆகியவற்றின் வகையும் இடமும், பலகையின் நாரோட்டத் திசை, புடைப்பின் ஆழ வேறுபாடு, தேரில் அப்பலகை இருந்த தளமும் திசையும். இவற்றைப் பதிவு செய்வதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. பார்வை மாறினால் போதும்.

முடிவுரை

தேர்ப் புடைப்புச் சிற்பத்தில் இயற்கைக் காட்சி இல்லை என்னும் கருத்து, தொலைவுக் காட்சி ஒன்றையே இயற்கைக் காட்சி எனக் கொண்டதன் விளைவு. மரத்தின் நாரோட்டமும் தேரின் இயக்கமும் வெயிலும் மென்புடைப்புத் தொலைவை விலக்கின. அவ்விடத்தில் கருப்பொருளால் நிலத்தை உணர்த்தும் முறை அமைந்தது. இம்முறையில் நிலக் கூறுகள் சிலவே. ஆயினும் ஒவ்வொன்றின் சுமையும் பெரிது. காஞ்சித் தலக்கதையில் மாமரம் இடத்தை உறுதி செய்கிறது; கம்பையாறு இலிங்கத்தை மணலாக்கி, தேவியின் தழுவலுக்குக் காரணமாகிறது. தெய்வப் பெயர்ப்பட்டியலாக மட்டும் அமையும் ஆய்வு இக்காரணத்தைப் பதிவு செய்யத் தவறுகிறது. திருப்பணி அப்பட்டியலைப் பின்பற்றும்போது அத்தவறு மரத்தில் நிலைபெறுகிறது. பலகையின் அடியில் உள்ள சில நீர்ச்சுருள்களை எண்ணிக் குறித்துவைப்பது சிறு பணியே. அவை இல்லாத பலகையில் தேவி எதற்கு அஞ்சினாள் என்று பின்வருவோர் அறிய வழியிராது.